கயிறு அறுந்ததென்று சொன்னவள்

என் ஆசை அக்காவுக்கு,

உனக்கு எழுத்துத் தெரியாது. தெரிந்திருந்தாலும் தாளைப் பார்க்கக் கண் இல்லை, யாராவது வாசித்துக் காட்டினால் கேட்கக் காதும் இல்லை. போய்ச் சேராது என்று நன்றாகத் தெரிந்துகொண்டேதான் இதை எழுதுகிறேன். நீ வாசிக்கக்கூடியவளாக இருந்திருந்தால் இவ்வளவு துணிவு எனக்கு வந்திருக்குமோ? வந்திராது என்றுதான் நினைக்கிறேன்.

முதலில் வீட்டுப் புதினம். நான் வந்தவுடன் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நீ கேட்பது அதைத்தானே. இரணைமடுக் குளம் இந்த முறை நிரம்பி வான்கதவு திறந்தார்கள், எங்கள் வாய்க்காலிலும் முட்டத் தண்ணீர். அம்மாவுக்கு ஒரு கண்ணில் வெண்புரை எடுத்தாயிற்று. மற்றக் கண்ணுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அதற்குள் தனக்கு எல்லாம் தெரிகிறதாம் என்று படலையில் நின்று போகிற வருகிறவர்களை எல்லாம் விசாரிக்கிறார். உன் நாய் இன்னும் உன் கட்டிலுக்குக் கீழேதான் படுக்கிறது. பின்வளவுப் புளி காய்த்துக் கொட்டுகிறது. உப்பும் தூளும் தொட்டுப் பல் கூசக் கூசத் தின்ன ஆள் இல்லை.

வருகிற மாதம் உன் ஆட்டைத் திவசம், நீ போய் ஒரு வருடம். எங்கள் ஆட்கள் ஒருவர் செத்தால் நினைவுமலர் அடிப்பார்கள். முன்னட்டையில் படம், உள்ளே தேவாரம், பிறகு வாழ்க்கை வரலாறு, கடைசியில் வம்ச வழி: இன்னாரின் மகன், இன்னாரின் கணவன், இன்னின்னாரின் தகப்பன் என்று. அப்பாவின் மலரை நான்தான் செய்தேன். பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிற பிள்ளை என்று எல்லோரும் அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். பிள்ளைகள் என்ற இடத்தில் ஒரு பெயர்தான் போட்டேன். என் பெயர். அச்சகத்திலேயே இருந்து மூன்று முறை பிழை திருத்தினேன். ஓர் எழுத்துப் பிழைகூட அதில் இல்லை.

மலர்க் கட்டு வீட்டுக்கு வந்தபோது நீ ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தாய். அட்டையைத் தடவி, மீசையை முறுக்குவதுபோல் காட்டினாய், அப்பாவா என்று. ஓம் என்று உன் கையை அழுத்தினேன். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதிரையில் வெகுநேரம் இருந்தாய். உன் பெயர் இல்லாத புத்தகத்தை நீ அணைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உனக்கு முப்பத்தோராம் நாளுக்கு மலர் அடிக்கவில்லை. “அவளுக்கு அடிச்சு ஆர் பிள்ளை வாசிக்கப் போகினம்?” என்றார் அம்மா. நானும் பேசாமல் இருந்துவிட்டேன். இந்த முறை அடிக்கிறேன். வாழ்க்கை வரலாறு வருகிற இடத்தில் இந்தக் கடிதம் வரும். சொந்தக்காரர் எல்லோரும் வாசிக்கட்டும். வாசித்துவிட்டு என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்.

அவர்களுக்காக ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு ஒவ்வொரு பரம்பரையலகும், மரபணு என்றும் சொல்வார்கள், இரண்டு பிரதி இருக்கிறது, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதானாலும் மற்றது வேலை பார்த்துக்கொள்ளும், ஒரு குறையும் வெளியில் தெரியாது. இரண்டும் பழுதாக ஒரு பிள்ளைக்கு வாய்த்தால், அந்தப் பிள்ளை காது கேட்காமல் பிறக்கும். பத்துப் பன்னிரண்டு வயதில் பொழுது பட்டால் கண் தடுமாறும். பிறகு பக்கப் பார்வை சுருங்கிச் சுருங்கி, கடைசியில் எல்லாம் இருண்டுபோகும். எங்கள் அம்மாவும் அப்பாவும் சொந்த மச்சாளும் மச்சானும். இருவருக்கும் ஒரே இடத்தில் ஒவ்வொரு பழுது இருந்திருக்கிறது. உனக்கு இரண்டும் வந்தன, எனக்கு ஒன்று வந்தது. உன்னிலும் பிழையில்லை, அவர்களிலும் பிழையில்லை, எந்தத் தெய்வமும் கோபிக்கவில்லை.

மைம்மல் பொழுதில் சைக்கிளோடு வாய்க்காலுக்குள் விழுந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? உனக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு ஏழு. என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனாய். போகும்போது நன்றாகத்தான் ஓட்டினாய். திரும்பும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. வாய்க்கால் கட்டு வளைகிற இடத்தில் நீ வளைக்கவில்லை, நேரே போனாய். என் முழங்கை கல்லில் பட்டுக் கிழிந்தது. அப்பா உன்னைப் பூவரசந் தடியால் அடித்தார். “காதுதான் இல்லை, கண்ணுமோ இல்லை உனக்கு?” என்று கத்திக் கத்தி அடித்தார். காது கேட்காத பிள்ளையைப் பார்த்து ஏன் கத்துகிறார் என்று எனக்கு அழுகையிலும் சிரிப்பு வந்தது.

பிறவியில் காது கேட்காத பிள்ளை பொழுதுபட்டால் தடுமாறினால் உடனே கண்ணைச் சோதியுங்கள் என்று இப்போது மாணவர்களுக்குப் படிப்பிக்கிறேன். அப்பா அன்றைக்குக் கோபத்தில் சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். பதிலை யாரும் தேடவில்லை. அந்தத் தழும்பு என் இடது முழங்கையில் இருக்கிறது. உன் கண் முழுதாய்ப் போன பிறகு நான் வந்தால் அதைத்தான் முதலில் தடவுவாய். எங்கள் கை மொழியில் அம்மா என்றால் மூக்குத்தி, அப்பா என்றால் மீசை, நான் என்றால் முழங்கை.

பகலிலும் உனக்குத் தெரியாமல் போனபோது அப்பா அம்மா சமைக்கிற குசினிக் கதவு நிலையில் இருந்து கிணற்றடிக்கு ஒரு தும்புக்கயிறு கட்டினார், இடுப்பளவு உயரத்தில். அதைப் பிடித்துக்கொண்டு நீ நடந்ததை நான் கண்டதில்லை, ஓடுவாய். இடுப்பில் குடமும் இருக்கும். அம்மா பின்னால் நின்று கத்துவார், அதுவும் உனக்குக் கேட்காது.

இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் அப்பா பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தக் கயிற்றை அவிழ்த்து எடுத்து வந்தார். உன் மணிக்கட்டையும் என் மணிக்கட்டையும் அதில் கட்டினோம். ஷெல் வருகிற சத்தம் உனக்குக் கேட்காது. நான் குப்புற விழுந்தால் கயிறு இழுத்து நீயும் விழுவாய். அந்த நாட்களில் உன்னை யாருக்கும் ஒளிக்கவில்லை. தரப்பாள் கொட்டிலுக்குள் எதை ஒளிப்பது? பக்கத்துக் கொட்டில் பெண்கள்கூட உன் கையில் கதை சொல்லப் பழகினார்கள். ஊருக்குத் திரும்பி, கல்வீடு கட்டி, அறைகளுக்குக் கதவு போட்ட பிறகுதான் எங்களுக்கு மறுபடியும் வெட்கம் வந்தது.

எனக்குக் கலியாணம் பேசி, மாப்பிள்ளை பகுதியார் முள்ளியவளையில் இருந்து பெண் பார்க்க வந்தார்கள். தரகர் முதல் நாளே வந்து சொல்லிவிட்டுப் போனார். “மூத்த பிள்ளையைப் பற்றி நீங்களாய் வாய் திறக்காதேங்கோ. ரத்தத்தில ஏதோ எண்டு நினைப்பினம்.” ரத்தத்தில் ஏதோ! அந்த மனிதருக்குப் பரம்பரையியல் என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

உன்னைப் பின்வளவுக் கொட்டிலில், நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் இருத்தினோம். அம்மா உன் தொண்டையில் விரலை வைத்து அழுத்தினார், சத்தம் போடாதே என்று. நீ தலையாட்டினாய். கயிற்றை என்ன செய்வது என்று நான் கேட்டேன். “அது கிடக்கட்டும் பிள்ளை. உடுப்புக் காயப்போடுற கயிறு எண்டு நினைப்பினம்” என்றார் அப்பா. நான் விடவில்லை. படித்தவள் அல்லவா, எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டேன். சேலை கட்டி, பூ வைத்த கோலத்தோடு போய், இரண்டு பக்க முடிச்சையும் நானே அவிழ்த்தேன். சுருட்டி விறகுக்குப் பின்னால் வைத்தேன்.

வந்தவர்கள் பலகாரம் தின்று, தேத்தண்ணி குடித்து, நாள் பற்றிக் கதைத்துப் போக இரண்டு மணித்தியாலம் ஆயிற்று. வழியனுப்பிவிட்டுப் பின்பக்கம் வந்தேன். நீ கொட்டிலில் இல்லை. தண்ணீர் விடாய்த்திருக்க வேண்டும். கயிறு இருக்கவேண்டிய இடத்தில் நின்றாய். ஒரு கையை இடுப்பளவில் நீட்டி வெறும் காற்றைத் துழாவிக்கொண்டிருந்தாய். அதற்கு முதல் முள்ளுக்கம்பி வேலி வரைக்கும் போய் வந்திருக்கிறாய், உள்ளங்கை கிழிந்து இரத்தம் சொட்டியது. மற்றக் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாய். சத்தம் போடக்கூடாது என்று சொல்லியிருந்தோம்தானே.

ஓடிவந்து பிடித்தேன். முழங்கையைத் தடவினாய். பிறகு சேலையைத் தொட்டாய், காப்புகளை எண்ணினாய், தலையில் இருந்த பூவை முகர்ந்தாய். உனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கழுத்தில் தாலி கட்டுவதுபோல் காட்டி, வாயைத் திறக்காமலே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாய். அதன் பிறகுதான் கயிற்றைக் கேட்டாய். இரண்டு கையாலும் அதைப் பிடித்துப் போவதுபோல் காட்டிவிட்டு உள்ளங்கையை விரித்தாய், எங்கே என்று. நான் உன் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்து வெடுக்கென்று விலக்கினேன். அறுந்துவிட்டது. பரவாயில்லை என்று என் கன்னத்தைத் தட்டினாய்.

கலியாணத்தன்றும் உன்னைச் சித்தி வீட்டில் விட்டோம். அந்தக் கிழமையே இவருக்குத் தெரிந்துவிட்டது.  மறுநாள் கிளிநொச்சிக்குப் போய் நீல நைலோன் கயிறு வாங்கிவந்து குசினியில் இருந்து கிணற்றடிக்குக் கட்டினார். “இதைச் சொல்லியிருக்கலாம்தானே” என்றார்.  நீ அவரைத் தலையில் இருந்து தடவிக்கொண்டு வந்து, வயிற்றில் கை நின்றதும் இரண்டு தட்டுத் தட்டி, அதையே அவருக்குப் பெயராக வைத்தாய். இப்படிப்பட்ட ஒருவருக்குத்தான் உன்னை ஒளித்தோம்.

அத்தோடு எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இனிமேல் எழுதப்போவதுதான் பெரிய வெட்கக்கேடு.

காதும் கண்ணும் போகிற இந்த நோயைத்தான் நான் ஆய்வுக்கு எடுத்தேன். ஏன் எடுத்தாய் என்று கேட்பவர்களிடம் “எங்கட பக்கம் சொந்தத்துக்குள்ள கலியாணம் செய்யிறது கூட” என்று சொல்வேன். உன்னைச் சொல்லமாட்டேன். குடும்பம் குடும்பமாகப் போய் வம்சப் படம் கீறுவதுதான் எங்கள் முதல் வேலை. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் உள்ளவருக்குக் கறுப்பு அடிப்போம், செத்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு. நினைவுமலரில் வருகிற வம்ச வழிதான், கொஞ்சம் உண்மை கூட. போகிற வீடுகளில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், சபைக்குக் கொண்டுவரக்கூடிய பிள்ளைகளை மட்டும்தான் எண்ணிச் சொல்வார்கள்.

கனகராயன்குளத்தில் தவமணி என்று ஒரு தாய். “எத்தினை பிள்ளையள் அம்மா?” என்று கேட்டேன்.

“மூண்டு மிஸ்.”

பின்வாசலால் பார்த்தேன். குசினியில் இருந்து கிணற்றுக்கு ஒரு கயிறு, இடுப்பளவு உயரத்தில். உடுப்புக் காயப்போட யாரும் அவ்வளவு தாழ்வாகக் கட்டமாட்டார்கள்.

“அந்தக் கயிறு ஆருக்கு அம்மா?”

அவர் முகம் செத்துப்போயிற்று. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு உள்ளே போய்ப் பதினேழு வயதுப் பிள்ளை ஒருத்தியைக் கையில் பிடித்துக் கூட்டிவந்தார். கவிதா. பிறந்தது முதல் காது கேட்காது, கண்ணும் சுருங்கத் தொடங்கியிருந்தது. “உங்களுக்கு எப்பிடி மிஸ் தெரிஞ்சது?” என்று கேட்டார்.

“இதுதானே அம்மா எங்கட வேலை” என்றேன். திரும்பி வரும்போது வாகனத்தில் இருந்தவர்கள் என்னைப் பாராட்டினார்கள். நான் சிரித்துக்கொண்டு இருந்தேன்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, குடும்பத்தில் இந்த நோய் இல்லாத ஆட்களின் இரத்தமும் வேண்டும். ஆள் போதாமல், ஆய்வுகூடத்தில் இருந்தவர்கள் தங்கள் வீட்டாரிடம் எடுத்துக் கொடுத்தார்கள். நான் மறுத்தால் ஏன் என்று கேட்பார்களே. என்னுடையதைக் கொடுத்தேன். அம்மாவுடையதையும் எடுக்க வீட்டுக்கு வந்தேன். படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: குடும்பத்தில் பிறவியில் காது கேளாதவர், பார்வை இழந்தவர் எவரும் உளரா? இல்லை என்று எழுதினேன். ஒருவருக்கொருவர் உறவில்லாத ஆட்கள்தான் வேண்டும் என்றிருந்தது. அம்மா எனக்கு அம்மா என்பதையும் எழுதவில்லை.

அன்றைக்கு நீ அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தாய். அம்மாவின் கையில் ரப்பர் நாடாவை இறுக்கினேன். நீ அதைத் தடவினாய், ஊசியைத் தடவப் பார்த்தாய், பஞ்சை முகர்ந்தாய். பிறகு உன் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, கையை என் முன்னால் நீட்டினாய். எனக்கும் எடு என்று.

எடுக்கவில்லை, அக்கா. எடுத்தால் யாருடையது என்று பதியவேண்டும். நாடாவை உன் கையிலும் கட்டினேன். நகத்தால் ஒரு கிள்ளுக் கிள்ளினேன். பஞ்சு வைத்து, மேலே பிளாஸ்டர் ஒட்டி, முதுகில் தட்டிக்கொடுத்தேன். நீ அந்தப் பிளாஸ்டரை வருகிற ஆட்களுக்கெல்லாம் நாள் கணக்காகக் காட்டிக்கொண்டு திரிந்தாய் என்று அம்மா தொலைபேசியில் சிரித்துச் சிரித்துச் சொன்னார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

சில மாதம் கழித்துக் கவிதாவின் இரத்தத்தில், பரம்பரையலகு ஒன்றில் ஓர் எழுத்து மாறிய இடம் அகப்பட்டது, இரண்டு பிரதியிலும். இதுவாக இருக்கலாம் என்று எங்கள் பேராசிரியர் கதிரையை விட்டே எழும்பிவிட்டார். பிறகு ஒப்பீட்டுப் பட்டியலைப் பார்த்தார். நோயில்லாத குடும்பம் என்று பதிந்தவர்களிலும் இரண்டு பேருக்கு அதே மாற்றம் ஒரு பிரதியில் இருந்தது. “உறவில்லாத ரெண்டு பேரில இருக்குது. அப்ப இது இந்தப் பக்கத்துச் சனத்தில சாதாரணமாய் உள்ளது போல. தள்ளி வைச்சிட்டு வேற இடம் பாப்பம்” என்றார். குழாய்களில் பெயர் இல்லை, இலக்கம் மட்டும்தான். அந்த இரண்டு இலக்கங்களும் என் கையெழுத்தில் இருந்தன.

தெரியாமல் நடந்துவிட்டது என்று எழுத எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? தெரிந்தது. பார்த்த அந்த நிமிடமே தெரிந்தது. நானும் அம்மாவும்தான் அந்த இரண்டு பேர், பழுது அதுதான், உன்னுடைய ஒரு குழாய் இரத்தம் இருந்தால் இன்றைக்கே முடிந்துவிடும் என்று ஒவ்வொன்றாக விளங்கியது. வாயைத் திறந்தால் படிவத்தில் எழுதிய பொய் வெளிவரும். வேலை போகும், பெயர் போகும். அன்று பின்னேரம் அம்மாவுக்கு மட்டும் சொன்னேன். “வெளியில சொல்லிப்போடாத பிள்ளை. இவ்வளவு காலமும் மறைச்சதை இனி ஏன்?” என்றார். அந்தப் பதிலைக் கேட்கத்தான் சொல்லியிருக்கிறேன் போலும்.

அதற்குப் பிறகு தவமணி அம்மா தொலைபேசி எடுத்தார். “மிஸ், மூத்தவளுக்கு என்ர தமையன்ர பெடியனைப் பேசுறம். ரத்தம் எடுத்தனீங்களெல்லோ, ஏதும் தெரிஞ்சுதோ? செய்யலாமோ?”

“இன்னும் ஒண்டும் தெரியேல்ல அம்மா” என்றேன்.

கலியாணம் நடந்தது. போன வருடத்துக்கு முதல் வருடம் ஒரு பெண்பிள்ளை பிறந்தது. பிள்ளை சத்தத்துக்குத் திரும்புவதில்லை என்று அவர்கள் கண்டுபிடிக்க ஒன்றரை வயது ஆகிவிட்டது. அந்தப் பிள்ளை பிறந்திருக்கக் கூடாது என்று நான் எழுதமாட்டேன், உன்னோடு வளர்ந்துவிட்டு அதை எப்படி எழுதுவேன்? ஆனால் இருவரின் இரத்தத்தையும் முதலே பார்த்திருக்கலாம். பிள்ளை பிறந்த கையோடு காதைச் சோதித்து, கருவி வைத்திருக்கலாம். கவிதாவுக்கும் அப்போது நடுப்பார்வை மிச்சம் இருந்தது. கண் இருக்கும்போதே கைமொழி பழக்கினால், கண் போன பிறகும் கைக்குள் கை வைத்துப் பேசலாம். தாய் கண்ணாடிக் கடையும் கோயிலும் என்று அலைந்துகொண்டிருந்தார். இன்ன நோய், இப்படித்தான் போகும் என்று சொல்லவேண்டிய நாங்கள் வேறு இடங்களில் தேடிக்கொண்டிருந்தோம். மூன்று வருடம் போயிற்று. கவிதாவுக்கு இப்போது கயிறு இல்லாமல் நடக்க முடியாது.

பிறகு நீ போனாய். நெஞ்சுச் சளி என்று ஆஸ்பத்திரியில் வைத்து நாலாம் நாள். கடைசி வரையும் என் முழங்கையில்தான் கை வைத்திருந்தாய்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து உன் பெட்டியைத் துப்புரவாக்கினோம். ஊசி குத்திவைக்கிற தகரப் பேணிக்குள் அந்தப் பிளாஸ்டர் இருந்தது, பஞ்சோடு. பஞ்சில் ஒரு பொட்டு இரத்தம் இல்லை. உனக்கு அது தெரிந்திருக்குமா? முகர்ந்தே ஆளைச் சொல்கிறவள், இரத்த மணம் இல்லாத பஞ்சை அறியாமல் இருந்திருப்பாயா? அறிந்துகொண்டுதான் எல்லோருக்கும் காட்டித் திரிந்தாயா? 

அடுத்த நாளே பேராசிரியரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒப்பீட்டுப் பட்டியலை எடுத்து மேசையில் விரித்தார். “ஒரு துளி இருந்திருந்தால் அண்டைக்கே முடிஞ்சிருக்கும்” என்றார். அம்மாவையும் என்னையும் பட்டியலில் இருந்து எடுத்தார்கள். அந்த எழுத்து உடனே முன்னுக்கு வந்து நின்றது. தவமணி அம்மாவின் மூத்தவளிடமும் மருமகனிடமும் ஒவ்வொரு பிரதி, குழந்தையிடம் இரண்டும். என்னை அந்த ஆய்வில் இருந்து விலக்கிவிட்டார்கள். அது நியாயம்தான்.

முடிவைச் சொல்ல ஒரு டொக்டர் கனகராயன்குளத்துக்குப் போனார். கேட்டுக்கொண்டு நானும் கூடப் போனேன். அவர் சொல்லி முடித்த பிறகு என் கதையைச் சொன்னேன். உன் கயிறு, என் படிவம், தொலைபேசியில் சொன்ன பொய், எல்லாம். தவமணி அம்மா பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். அழவில்லை.

“என்ர கயிறைக் காட்டிக் கேட்டனீங்கள். உங்கட கயிறை எங்க ஒளிச்சுப்போட்டு வந்தனீங்கள்?”

“விறகுக்குப் பின்னால” என்றேன். 

“எழும்பிப் போங்கோ.”

எழும்பினேன். படலைக்குக் கிட்டப் போனபோது பின்னால் இருந்து குரல் வந்தது. “அவாக்கு என்ன பேர்?”

“ஆருக்கம்மா?”

“உங்கட அக்காக்கு.”

“புவனேஸ்வரி. புவனம் எண்டுதான் கூப்பிடுறது.” வெளியாள் ஒருவரிடம் உன் பெயரைச் சொல்லி எவ்வளவு காலம்!

“நீங்கள் வந்தால் புவனத்துக்கு எப்பிடித் தெரியும்?”

முழங்கையைக் காட்டினேன். அவர் கவிதாவைக் கூட்டிவந்து, அவள் விரல்களை எடுத்து என் தழும்பில் வைத்து அழுத்தினார். “ஆர் வந்தது எண்டு இவளுக்கும் தெரியவேணும்” என்றார். அது மன்னித்ததா, அடையாளம் பிடித்து வைத்துக்கொண்டதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. 

இனி மலர் வேலைக்கு வருகிறேன். கடைசிப் பக்கத்தில் வம்ச வழியை எங்கள் ஆய்வுகூட முறையில் கீறியிருக்கிறேன், சொந்தக்காரர் பார்த்து, கலியாணம் பேசுமுன் ஒருமுறை வந்து இரத்தம் சோதிக்கட்டும் என்று. அம்மா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. “ஊர் சிரிக்கும்” என்றார். இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. நேற்றுப் பகல் தானாக வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, “கொண்டா, பாப்பம்” என்றார்.

வெண்புரை எடுத்த கண்ணுக்குக் கிட்டத் தாளைப் பிடித்தார். “இது ஆர்?”

“நீங்கள், அம்மா. இது அப்பா.”

“கீழ இருக்கிற இந்த வட்டம்?”

“நான்.”

“பக்கத்தில கறுப்படிச்சது?”

“அக்கா. இந்தப் படத்தில அதுதான் முறை, அம்மா.”

சண்டை வரப்போகிறது என்று காத்திருந்தேன். அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பிழையாய்க் கீறியிருக்கிறாய்” என்றார். “மூத்தது அவளெல்லோ. அவளை முதல் போடு.”

எத்தனை வீட்டுப் படங்கள் கீறியிருப்பேன்! மூத்தவர் இடப்பக்கம் வரவேண்டும் என்று எத்தனை மாணவர்களுக்குச் சொல்லியிருப்பேன்! எங்கள் வீட்டுப் படத்தில் முதல் ஆளாக என்னைத்தான் கீறியிருந்தேன், அது எனக்குத் தெரியக்கூட இல்லை. அழித்துவிட்டு மறுபடி கீறினேன். இடப்பக்கம் நீ, பிறகு நான். அம்மா பேனையை வாங்கி, உன் வட்டத்தின் கீழ் உன் முழுப் பெயரையும் எழுதினார்.

இனிமேல் உனக்குச் சொல்வது இதுதான். கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று யார் கேட்டாலும், எங்கள் வீட்டில் இரண்டு, நான் இளையவள் என்று சொல்வேன். இன்னொரு வீட்டுக் கயிற்றைப் பற்றிக் கேட்கவேண்டி வந்தால் முதலில் எங்கள் வீட்டுக் கயிற்றைச் சொல்வேன். கவிதாவுக்குக் கைக்குள் பேசப் பழக்க ஒவ்வொரு சனிக்கிழமையும் போகிறேன். தவமணி அம்மா படலையைத் திறந்துவிடுகிறார், கதைப்பதில்லை. அவர் கதைத்தாலும் கதைக்காவிட்டாலும் போவேன். எங்கள் கிணற்றடி நீலக் கயிறு கட்டியபடியே இருக்கும். யார் வந்தாலும் அவிழ்க்கமாட்டேன்.

அன்றைக்கு நீ கேட்டதற்குச் சரியான பதிலைச் சொல்லிவிட்டுப் போகிறேன். கயிறு அறுந்துபோகவில்லை, அக்கா. நான்தான் அவிழ்த்தேன்.

முழங்கையில் தழும்புள்ள
உன் தங்கச்சி,
சுகந்தி